எங்கள் வீட்டுக்கு ஒரு கிரைண்டர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கிரைண்டர் வாங்குவதைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கலாம். 2023ஆம் ஆண்டில் நிலவின் தென்துருவப் பகுதியில் கலம் இறக்கிய நாட்டில் அடுக்களைச் சாமானுக்கு ஒரு கட்டுரையா என்றும் கேட்கலாம். விண்கலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வாய்க்கும். கிரைண்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்போ என்றாவது ஒருநாள் எல்லாருக்கும் வந்தே தீரும்.

நம் பாட்டிமார் ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து, ஒரு கையால் குழவியைச் சுழற்றி, மறு கையால் மாவைத் தள்ளிவிட்டார்கள். அங்கே கல் நின்றது, குழவி சுழன்றது. கோவையில் பி. சபாபதி என்பவர் 1955ஆம் ஆண்டில் மின்சாரத்தால் மாவாட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்றைய மேசைக் கிரைண்டரில் முறை தலைகீழாகிவிட்டது. சட்டி சுழல்கிறது; கற்கள் தம் இடத்திலேயே உருள்கின்றன. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் வழியே மிக்சி, மின்விசிறி ஆகியவற்றோடு கிரைண்டரும் விலையில்லாமல் ஏழை வீடுகளுக்கு வந்தது. அப்படி எங்கள் வீட்டுக்கு வந்த கிரைண்டர் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு ஓய்ந்தது. அதன் பிறகு அம்மா மீண்டும் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் வலத்தோளில் வலி கண்டது. தலை வாரக் கையைத் தூக்க முடியாத நிலை வந்தபோதுதான் புதிய கிரைண்டர் பற்றிய பேச்சு எழுந்தது.

மகளிர் குழுவில் அம்மா சேர்த்த பணம் ஏழாயிரம் ரூபாய் இருந்தது. "உன் பரீட்சைக்குப் பணம் கட்டணுமே கண்ணு, இப்ப இது எதுக்கு?" என்றார் அம்மா. "மிக்சி இருக்குதே, அதுல அரைச்சா ஆகாதா?" என்றார் அப்பா. "வாங்குறதுன்னா ரெண்டு லிட்டரா வாங்கணும் மச்சான், விருந்தாளி வந்தா என்ன பண்றது?" என்றார் மாமா. பணம் அம்மாவுடையது, தோளும் அம்மாவுடையது. ஆயினும் முடிவு மட்டும் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது.

அப்பாவின் கேள்விக்கு விடை சொல்ல நான் படிக்கும் பாடம் உதவியது. மிக்சியின் கத்தி நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் மாவு சூடேறுகிறது. உளுந்து குளிர்ச்சியாக, நிதானமாக அரைபட்டால்தான் காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்கும். இட்லி பூப்போல வரும். கணக்கும் இதையே சொல்கிறது. 750 வாட் மிக்சி பத்து நிமிடம் ஓடினால் 0.125 யூனிட் செலவாகும். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினாலும் 0.075 யூனிட்தான். வாரம் நான்கு முறை அரைத்தாலும் இரண்டு மாதத்திற்கு 3 யூனிட்டைத் தொடாது. தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா எழுதப் படிக்க அறியாதவர். ஆனாலும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்துத்தான் ஒரு பெரிய குறை தெரிய வந்தது. கிரைண்டருக்கு மூன்று முள் பிளக். அதில் மேலே இருக்கும் பெரிய முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. சாக்கெட்டில் முதலில் நுழைந்து கடைசியில் வெளியே வரும். அதுவே எர்த். உள்ளே கம்பி எங்கேனும் அறுந்து உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் நம் உடல் வழியே பாயாமல் மண்ணுக்குப் போக வழி அமைப்பது அதுதான். கிரைண்டரைத் தொடும் கையோ எப்போதும் ஈரக்கை. எங்கள் அடுக்களைச் சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தன. எலெக்ட்ரீஷியன் அண்ணன் சோதனை பல்பின் ஒரு கம்பியை மின்சாரம் வரும் துளையிலும் மறு கம்பியைப் பெரிய துளையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. துளை மட்டுமே இருந்தது. அதன் பின்னால் கம்பி இல்லை. ஆக, நாங்கள் இத்தனை ஆண்டுகளாகப் பிழைத்திருந்தது இயந்திரத்தின் நல்ல குணத்தால்தான்!

எர்த் அமைக்கக் குழாய், கம்பி, கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார் அவர். ஏழாயிரத்தில் எர்த்தும் இரண்டு லிட்டர் கிரைண்டரும் சேர்ந்து அடங்காது. "எர்த் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மாமா. நான் மறுத்தேன். வீட்டில் பெரியவர்கள் பேச்சை நான் மறுத்துப் பேசியது அதுவே முதல்முறை. கடைக்கு அம்மாவும் வரவேண்டும் என்றும் சொன்னேன்.

கடையில் வரிசையாகப் பளபளத்தன. சட்டியைத் தூக்காமலே மாவைச் சாய்த்து ஊற்றும் டில்டிங் வகை, மூன்று கல் வகை, இரண்டு கல் வகை. டில்டிங் வகையின் விலை எங்கள் எல்லைக்கு அப்பால் இருந்தது. நான் பெயர்த்தகட்டில் வாட்டும் வோல்ட்டும் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கல்லின் மேல் விரலை ஓட்டிக் கொத்தைத் தடவிப் பார்த்தார். கல்லை ஒற்றைக் கையால் கழற்ற முடிகிறதா, சட்டியின் நடுத்தண்டைச் சுற்றி மாவு தங்குமா என்று பார்த்தார். பிறகு அவர் கேட்டதை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை.

"தம்பி, இந்தச் சட்டியில தண்ணி ஊத்திக் குடு. தூக்கிப் பாக்குறேன்."

கடைப் பையன் சிரித்தான். ஆனாலும் ஊற்றிக் கொடுத்தான். இரண்டு லிட்டர் சட்டியைத் தூக்கியதும் அம்மாவின் முகம் சுருங்கியது. ஒன்றரை லிட்டர் சட்டி இடுப்பு உயரத்துக்கு வந்தது. "இது போதும். விருந்தாளி வந்தா ரெண்டு தடவ அரைச்சுக்கறேன். தெனமும் தூக்கப்போறது நான்தானே?" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை.

விலை நாலாயிரத்துச் சொச்சம். மிச்சப் பணம் எர்த்துக்குப் போயிற்று. கூலியைக் குறைக்க அப்பாவே குழி தோண்டினார். குளியலறைத் தண்ணீர் போகும் ஈரமண்ணில் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி இட்டு மூடினோம். இம்முறை பல்பு பிரகாசமாக எரிந்தது. அதன் பிறகே கிரைண்டருக்குப் பொட்டு வைத்தார் அம்மா.

நண்பர்களே! வீட்டுக்கு எந்த இயந்திரம் வாங்கினாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அது செய்யும் வேலைக்கு ஏற்ற இயந்திரமா? அதைத் தாங்கும் மின்னிணைப்பு வீட்டில் இருக்கிறதா? அதை நாள்தோறும் கையாளப்போகும் கை யாருடையது? முதல் இரண்டுக்கும் நம் பாடப் புத்தகத்தில் விடை உண்டு. மூன்றாவதற்கு விடை அடுக்களையில் இருக்கிறது. பெயர்த்தகட்டைப் படிக்க நமக்குத் தெரியும். சட்டியைத் தூக்கிப் பார்க்க நம் அன்னையருக்குத் தெரியும். கடைக்கு இருவரும் சேர்ந்தே போவோம்.