எந்த ஓட்டையை அடைப்பது?

2012 டிசம்பரில் ‘ஹோம்லேண்ட்’ தொலைக்காட்சித் தொடரில் அமெரிக்கத் துணை அதிபர் வால்டன் கொல்லப்பட்டார். துப்பாக்கியும் இல்லை, விஷமும் இல்லை. அவர் நெஞ்சிலிருந்த பேஸ்மேக்கரை எங்கிருந்தோ வயர்லெஸ் வழியாகத் தாறுமாறாக்கியே ஆளை முடித்துவிட்டார்கள். காதில் பூ சுற்றுகிறார்கள் என்று பலர் சிரித்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2013 அக்டோபரில், நிஜ முன்னாள் துணை அதிபர் டிக் செனி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் விஷயத்தை உடைத்தார்: இதே பயத்தில்தான் 2007இல் அவருடைய இதயக் கருவியின் வயர்லெஸ் வசதியை மருத்துவர்கள் முடக்கிவைத்திருந்தார்கள்.

அப்படியானால் சிரித்தவர்கள் ஏமாளிகளா? திரில்லர் எழுதுபவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கருவி இடிக்கவில்லை, அதை எட்டிய வழிதான் இடித்தது. அமெரிக்கா வலைவீசித் தேடும் பயங்கரவாதி அபு நசீர், அந்த மண்ணிலேயே சிஐஏ அதிகாரி கேரியைக் கடத்துகிறான். அவளை மீட்க, முன்பு நசீரிடம் கைதியாக இருந்து திரும்பிய பிராடி, துணை அதிபரின் வீட்டில் தனியாகப் புகுந்து கருவியின் எண்ணைப் பார்த்து நசீருக்குச் சொல்கிறான். அதே சீசனில் இன்னொரு காட்சி: ரகசியத் தாக்குதலை நேரலையில் பார்க்கும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டே பிராடி எதிரிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறான். நிஜத்தில் அப்படிப்பட்ட அறைகளுக்குள் கைபேசியே போகாது.

இதெல்லாம் எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. ஹோவர்ட் கார்டனும் அலெக்ஸ் கான்சாவும் ‘24’ தொடரிலிருந்து வந்தவர்கள். விளம்பர இடைவேளையையும் கணக்கில் சேர்த்து ஒரு நாளை 24 எபிசோடுகளாக ஓட்டிய அந்தத் தொடரில், லாஸ் ஏஞ்சலஸின் போக்குவரத்து நெரிசல் நாயகன் ஜாக் பாவரை அநேகமாகத் தொட்டதே இல்லை. கதை ஓடுகிற ஓட்டத்தில் கேள்வி மறுநாள் காலையில்தான் எழும். காவலரை வெளியே அனுப்ப ஒரு காரணம், கைபேசி உள்ளே வர ஒரு சலுகை என்று கதை விவாதத்தில் ஒரு வசனத்தால் ஓட்டையை அடைக்கலாம்தான். ஆனால் அந்த வசனம் காட்சியின் வேகத்தைத் தின்றுவிடும். எதை அடைப்பது, எதைத் துணிந்து விட்டுவிடுவது என்று ஒவ்வொரு எபிசோடிலும் பேரம் நடக்கும்.

அரசியல் ஓட்டை வசனத்துக்கு மசியாது.

இரண்டாவது சீசனில் பெய்ரூட்டின் ஹம்ரா தெரு, துப்பாக்கி ஏந்தியவர்கள் திரியும் இடமாக வந்தது. நிஜ ஹம்ரா கஃபேக்களும் கடைகளும் நிறைந்த தெரு. படப்பிடிப்பு நடந்ததோ இஸ்ரேலில். வழக்குத் தொடரப்போவதாக லெபனானின் சுற்றுலா அமைச்சர் ஃபாதி அபூத் கொதித்தார். 2015இல் பெர்லினில் அகதி முகாம் செட் போட்டபோது, சுவரில் அரபியில் எழுத ஓவியர்களை அழைத்தார்கள். அவர்கள் எழுதியதில் ஒன்று, ‘ஹோம்லேண்ட்’ ஓர் இனவெறித் தொடர் என்பது. படக்குழுவில் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை, அப்படியே ஒளிபரப்பானது. கான்சா பிறகு அந்தக் குறும்பைப் பாராட்டவே செய்தார். ஆனால் அரபி தெரிந்த ஒருவர் அந்த செட்டைச் சுற்றிவந்திருந்தால், அகப்பட்டிருப்பது சுவரெழுத்து மட்டுமா என்பதுதான் கேள்வி.

பிந்தைய சீசன்களுக்கு முன்னால் எழுத்தாளர் குழு வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் ஒரு கிளப்பில் கூடி, உளவுத்துறையின் இந்நாள், முன்னாள் அதிகாரிகளைச் சந்தித்தது. அங்கே துப்பாக்கி ரகங்களைவிட அதிகம் உதவியது, நிறுவனங்களுக்குள் யார் யாரை நம்புவதில்லை என்ற பேச்சு. ஆறாவது சீசனின் மையம், தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவியேற்காத ஒரு பெண் அதிபருக்கும் உளவுத்துறைக்கும் இடையிலான உரசல். 2016 நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும், அந்தப் பெண் அதிபரைப் பொறுத்தவரை கணக்குத் தப்பிப்போனது. ஆனால் 2017 ஜனவரியில் அந்த சீசனின் முதல் எபிசோட் வந்த நாட்களில், டிரம்புக்கும் உளவுத்துறைக்கும் நடந்த சண்டை தினசரிகளின் முதல் பக்கத்தில் இருந்தது.