உத்தியோகப் பிரயாணமும் நிர்வாகத்தின் கடமையும்

உத்தியோக நிமித்தமாகத் தனியே வெளியூர் செல்லும் பெண்ணுக்கு, ஜாக்கிரதையாக இருக்கும்படி உபதேசம் செய்யாதவர் எவருமில்லை. ஆயின், அப்பிரயாணத்தை நிச்சயிக்கிற நிர்வாகத்துக்கே அந்த ஜாக்கிரதையில் பெரும்பங்கு உண்டென்று எடுத்துரைப்பவர் வெகு சிலரே. ஜில்லா ஜில்லாவாகச் சென்று கள ஆய்வு செய்யும் என் சகாக்களை நினைத்தே இதை எழுதுகிறேன். கட்டணம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக, நள்ளிரவு கடந்து ஏதோவொரு சிறிய ஸ்டேஷனில் இறக்கிவிடும் ரயிலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆட்டோவும் கிடைக்காத அவ்வேளையில் அவள் விடுதிக்கு எவ்விதம் போய்ச்சேருவாள் என்று யோசியாமலிருப்பது அநியாயம்.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலையின் பொருட்டு ஊழியர் செல்லுகிற இடத்தையும், அதற்காக முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தையும்கூடப் பணியிடம் என்றே வகுத்திருக்கிறது. அங்கே சந்திக்க நேரும் அந்நியரிடமிருந்து பாதுகாப்பளிப்பதும் முதலாளியின் கடமையே. பத்துப் பேருக்கும் குறைவான ஸ்தாபனத்தில் இருப்பவர்கள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். ரயிலில் ஆபத்து நேர்ந்தால் 139, மற்றெங்கும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

நிர்வாகப் பொறுப்பிலுள்ள நண்பர்களே, அடுத்த முறை டிக்கெட் பதிவு செய்யுமுன், கட்டணத்தோடு ரயில் போய்ச்சேரும் நேரத்தையும் தயவுசெய்து பாருங்கள். இரவானால் நம்பகமான வண்டியொன்றை முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.