தோற்றவருக்கும் கைதட்டிய ஊர்: நார்வேயின் ஹாமர், லில்லிஹாமர் போவோமா?

நார்வே என்றதும் வடக்கத்திய ஒளியும் நள்ளிரவுச் சூரியனும்தான் பலரின் நினைவுக்கு வரும். அந்த இரண்டும் இல்லாத ஓர் ஊருக்கு இப்போது போகலாம். தலைநகர் ஆஸ்லோவிலிருந்து வடக்கே ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜன்னலோரம் ஒரு பெரிய ஏரி கூடவே வரும். அது ம்யோசா, நார்வேயின் மிகப்பெரிய ஏரி. நீளம் மட்டுமே 100 கிலோமீட்டருக்கு மேல். அதன் கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர் ஹாமர். ஏரியின் வடக்கு முனையில் லில்லிஹாமர்.

1994 பிப்ரவரியில் இந்த இரண்டு ஊர்களையும் உலகமே பார்த்தது. அப்போது குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது இங்கேதான். யார் எத்தனை பதக்கம் வாங்கினார்கள் என்பது புள்ளிவிவரப் புத்தகத்தில் இருக்கிறது. வீரர்கள் ஒன்று செய்ய, அதைப் பார்த்த ரசிகர்கள் வேறொன்று செய்தார்கள் இல்லையா, அந்தக் கதைகளுக்காகத்தான் இந்த ஊர்களுக்கு ஒரு நடை போகலாம் என்கிறேன்.

கவிழ்த்துப் போட்ட கப்பல்

ஹாமரில் இறங்கியதும் ஏரிக்கரையில் ஒரு விநோதமான கூரை தெரியும். பழைய வைக்கிங் கப்பல் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பெயரும் அதுதான், 'வைக்கிங் கப்பல்' அரங்கம். ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டிகள் நடந்த இடம். பிற்காலத்தில் ஈஸ்டர் விடுமுறை நாள்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து இரவு பகலாகக் கூடிக் கொண்டாடிய திருவிழாவும் இதே கூரையின் கீழ்தான் நடந்திருக்கிறது.

ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் சுற்றுப்பாதை 400 மீட்டர். ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டுமே ஓடுவார்கள். பக்கத்தில் ஓடுபவரை ஜெயித்தால் போதாது, அன்றைக்கு ஓடிய எல்லோரின் நேரத்தையும் ஜெயிக்க வேண்டும். பார்க்கச் சலிப்பாக இருக்கும் என்று நினைப்போம். நார்வேக்காரர்களுக்கு அப்படியில்லை. மடியில் நோட்டு, கையில் பென்சில். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் வரிசையாக எழுதிக்கொண்டே பார்ப்பது அங்கே பழைய பழக்கம். தாத்தா எழுதுவார், பக்கத்தில் உட்கார்ந்து பேத்தியும் எழுதுவாள்.

எழுதுகிறவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும். பத்தாவது இடத்துக்கு வந்தவர் கடைசிச் சுற்றில் எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார் என்பது அந்த நோட்டில் இருக்கும். அதனால்தான் எந்த நாட்டுக்காரர் ஓடினாலும் அரங்கம் முழுக்க 'ஹெய்யா, ஹெய்யா' என்று உற்சாகக் குரல் எழும்பும்.

குழந்தையோடு ஒரு சுற்று

அந்த ரசிகர்கள் முன்னால் வந்து நின்றார் அமெரிக்கர் டான் ஜேன்சன். 1988 கால்கரி ஒலிம்பிக்ஸில் 500 மீட்டர் ஓட வேண்டிய அன்று காலையில்தான், ரத்தப் புற்றுநோயில் இருந்த அவருடைய அக்கா ஜேன் இறந்துபோனார். அன்று மாலை ஓடினார், விழுந்தார். நான்கு நாள் கழித்து 1,000 மீட்டரிலும் விழுந்தார். 1992 ஒலிம்பிக்ஸிலும் பதக்கம் இல்லை. ஹாமரில் 500 மீட்டரில் மறுபடியும் தடுமாறி எட்டாவது இடம்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு போட்டி. 1994 பிப்ரவரி 18, 1,000 மீட்டர். வளைவில் ஒரு கணம் கால் வழுக்க, அரங்கமே மூச்சைப் பிடித்தது. விழாமல் சமாளித்தவர் 1 நிமிடம் 12.43 விநாடியில் முடித்தார். தங்கம், கூடவே உலக சாதனை. பிறகு தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனித்தரையில் ஒரு சுற்று வந்தார். மகளின் பெயர் ஜேன். அக்காவின் பெயர்தான். எழுந்து நின்று கைதட்டியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் இல்லை, நார்வேக்காரர்கள்.

பத்து குரோனர் கணக்கு

அதே பனித்தரையில் அந்த ஊரின் சொந்த ஹீரோவும் ஓடினார். யோஹான் ஒலாவ் கோஸ், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். 1,500, 5,000, 10,000 மீட்டர் மூன்றிலும் தங்கம், மூன்றிலும் உலக சாதனை. 1952 ஆஸ்லோ ஒலிம்பிக்ஸில் ஹ்யால்மர் ஆண்டர்சன் இதே மூன்று தங்கங்களை வாங்கிய பிறகு நார்வே காத்திருந்த நாள் அது.

ஆனால், கோஸை இன்றும் பேச வைப்பது வேறு. ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 5-ம் தேதி, போஸ்னியாவின் சரயேவோ சந்தையில் குண்டு விழுந்து 68 பேர் இறந்தார்கள். அதே சரயேவோதான் 1984-ல் குளிர்கால ஒலிம்பிக்ஸை நடத்திய நகரம். பத்தே வருடத்தில் விளையாட்டு நகரம் முற்றுகைக்குள் சிக்கிப் பசியில் கிடந்தது.

1,500 மீட்டர் தங்கம் வாங்கிய கையோடு, அதற்கான ஊக்கத்தொகையை சரயேவோ மக்களுக்கு உதவும் ஒலிம்பிக் நிவாரண நிதிக்குக் கொடுப்பதாக அறிவித்தார் கோஸ். அத்தோடு நிறுத்தவில்லை. தன் நாட்டு மக்களிடமும் கேட்டார்: நார்வே வாங்கும் ஒவ்வொரு தங்கத்துக்கும் ஆளுக்குப் பத்து குரோனர் கொடுங்கள். அந்த முறை நார்வே வாங்கிய தங்கம் 10. ஒரு குடும்பத் தலைவர் கணக்குப் போட்டால் தலைக்கு நூறு குரோனர். பணம் கொட்டியது. ரசிகர்கள் வெறும் கைதட்டலோடு நிற்காமல், தங்கள் வீரர் செய்ததையே தாங்களும் செய்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டைக் கதை உண்டு. ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய வருடம் கோஸ் ஆப்பிரிக்காவின் எரித்ரியாவுக்குப் போயிருந்தார். அங்கே சிறுவர்கள் விளையாடிய பந்து, சுருட்டிக் கட்டிய ஒரு சட்டை. முழுக்கைச் சட்டை போட்ட பையனுக்குத்தான் கூட்டத்தில் மவுசு. கைகளை வைத்து இறுக்கிக் கட்டலாமே! ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் விளையாட்டுப் பொருள்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு அங்கே திரும்பப் போனார். சோறு இல்லாத ஊருக்குப் பந்து எதற்கு என்று விமர்சனமும் வந்தது. எரித்ரியர்கள் அதை மனமுவந்து வாங்கிக்கொண்டார்கள். குழந்தைகளின் விளையாட்டு உரிமைக்காக இன்று பல நாடுகளில் இயங்கும் 'ரைட் டு ப்ளே' அமைப்பு, கோஸ் போட்ட இந்த விதையில் முளைத்ததுதான்.

அறுந்த லேஸும் மைக்கில் மாட்டிய முணுமுணுப்பும்

அதே ஹாமரில் இன்னோர் அரங்கம். ஃபிகர் ஸ்கேட்டிங் நடந்த இடம். இங்கே நடந்தது வேறு மாதிரியான கதை.

1994 ஜனவரி 6, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் பயிற்சி முடித்து வந்த நான்சி கெரிகனின் காலில் ஒருவன் தடியால் அடித்தான். பின்னணியில் இருந்தது, அவருடைய போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவர். கெரிகன் குணமாகி ஹாமருக்கு வந்தார். ஹார்டிங்கும் வந்தார். அடிபட்ட அன்று போட்டிருந்த அதே வெள்ளை உடையில் கெரிகன் பயிற்சிக்கு வர, இருவரும் ஒரே பனித்தரையில் சுற்ற, நூற்றுக்கணக்கான நிருபர்கள் காத்திருந்தார்கள். போட்டி நடந்த இரவு அமெரிக்காவில் டிவி முன் உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கையே ஒரு சாதனை.

பிப்ரவரி 25, இறுதிச் சுற்று. ஹார்டிங் ஆட ஆரம்பித்து, பாதியில் நின்று, அழுதுகொண்டே நடுவர்கள் முன்னால் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸைக் காட்டினார். மறுவாய்ப்பு கிடைத்தது, முடிவில் எட்டாவது இடம். ஊர் திரும்பியபின், விசாரணையைத் தடுக்கச் சதி செய்ததாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ரசிகர்கள் கோபப்பட்டார்கள். அது நியாயம். ஆனால், அதே ரசிகர்கள் அடுத்த சில நாள்களில் கெரிகனையும் விடவில்லை. அன்று தங்கம் வாங்கியவர் உக்ரைனின் 16 வயது ஒக்ஸானா பையூல், கெரிகனுக்கு வெள்ளி. பதக்க மேடை தாமதமானது. பையூல் அழுது கலைந்த மேக்கப்பைச் சரிசெய்கிறார் என்று யாரோ சொல்ல, கெரிகன் சலித்துக்கொண்டார். அதை கேமரா பிடித்துவிட்டது. உண்மையில் தாமதத்துக்குக் காரணம், உக்ரைனின் தேசிய கீதப் பதிவைத் தேடிக்கொண்டிருந்தது. பிறகு ஊரில் நடந்த ஒரு ஊர்வலத்தில் அவர் முணுமுணுத்ததும் மைக்கில் மாட்டியது. நேற்றுவரை தேவதை, இன்று திமிர்பிடித்தவர். அடிவாங்கியவருக்குக்கூட சில வாரங்கள்தான் அனுதாபம்.

அப்போது செல்போன் கேமரா இல்லை, சமூக வலைதளம் இல்லை. இருந்தும் இவ்வளவு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் சீனாவுக்காக ஆடிய 19 வயது ஜூ யீ விழுந்தபோது, 'ஜூ யீ விழுந்துவிட்டார்' என்ற ஹேஷ்டேக்கை சில மணி நேரத்தில் 20 கோடி முறைக்கு மேல் பார்த்தார்கள். திட்டியவர்கள் வேற்று நாட்டவர் இல்லை. எந்தக் கொடிக்காக அவர் அமெரிக்கக் குடியுரிமையை விட்டு வந்தாரோ, அந்தக் கொடியின் ரசிகர்கள். டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பதால் சொல்கிறேன், பத்து விநாடி வீடியோவுக்கு வரும் கோபம், முழுக்கதைக்கு வருவதே இல்லை.

அமைதியான மைதானம்

ஹாமரிலிருந்து ஏரியோரமாக வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் லில்லிஹாமர். ஊருக்கு மேலே இருக்கும் பிர்க்பைனர் ஸ்கீ மைதானத்தின் பெயர் 1206-ம் ஆண்டுக் கதையிலிருந்து வந்தது. உள்நாட்டுப் போரில், கைக்குழந்தையாக இருந்த இளவரசனைப் பனிமலை தாண்டித் தூக்கிச் சென்ற வீரர்களின் பெயர் அது. அந்த நினைவாக நடக்கும் ஸ்கீ பந்தயத்தில், குழந்தைக்குப் பதிலாக மூன்றரை கிலோ பையை எல்லோரும் முதுகில் சுமக்க வேண்டும்.

1994 பிப்ரவரி 22, இங்கே ஆண்கள் தொடர் ஓட்டம். கடுங்குளிரில் பாதையோரம் லட்சம் பேருக்கு மேல் நின்றார்கள். நார்வேக்குக் கடைசியாக ஓடியவர் பியோர்ன் டேலி. எதிரே இத்தாலியின் சில்வியோ ஃபௌனர். முடிவுக்கோட்டில் 0.4 விநாடி வித்தியாசத்தில் இத்தாலி ஜெயித்தது. அந்த அணியில் முதல் சுற்று ஓடிய மௌரிலியோ டி சோல்ட்டுக்கு வயது 43! மைதானம் அப்படியே உறைந்து நின்றது என்பார்கள். நார்வேக்காரர்களுக்கு இன்றும் ஆறாத காயம் அது.

ஆனால், ஐந்தே நாளில் அதே கூட்டம் வேறொருவருக்காகக் கத்தியது. கஜகஸ்தானின் விளாடிமிர் ஸ்மிர்னோவ். அந்த ஒலிம்பிக்ஸிலேயே இரண்டு முறை டேலியிடம் தோற்று வெள்ளி வாங்கியவர். கடைசி நாள் 50 கிலோமீட்டர் போட்டியில் அவர் முன்னால் போகப் போக, நார்வேக் கொடி பிடித்தவர்களே வழியெல்லாம் உற்சாகப்படுத்தினார்கள். கஜகஸ்தானுக்கு முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம்.

இந்த மனசு ஒருவழிப்பாதை இல்லை. 2006 டூரின் ஒலிம்பிக்ஸில் கனடாவின் சாரா ரெனர் ஓடும்போது ஸ்கீ கோல் உடைந்துவிட, பாதையோரம் நின்ற நார்வே பயிற்சியாளர் ஒருவர் சட்டென்று ஒரு கோலை நீட்டினார். கனடாவுக்கு வெள்ளி, நார்வேக்கு நான்காவது இடம். கனடா ரசிகர்கள் நன்றியாக நார்வேக்கு அனுப்பியது என்ன தெரியுமா? டன் கணக்கில் மேப்பிள் சிரப் டப்பாக்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

குளிர்காலத்தில் போனால் மைனஸ் 20 டிகிரிகூட சாதாரணம். உல்லன் உள்ளாடை, நல்ல பூட்ஸ் இல்லாமல் ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. குளிர் ஆகாதவர்கள் கோடையில் போகலாம். 1856 முதல் ஓடும் 'ஷிப்ளாட்னர்' துடுப்புச்சக்கர நீராவிப் படகில் ம்யோசா ஏரியைச் சுற்றலாம். ஹாமரில் இடிந்துபோன மத்தியகாலப் பேராலயத்துக்கு மேல் கண்ணாடிக் கூடாரம் போட்டுப் பாதுகாக்கிறார்கள், தவறவிடாதீர்கள். லில்லிஹாமரில் ஸ்கீ தாவும் குன்றுக்கு 900-க்கும் மேற்பட்ட படிகள், முட்டி வலி இருப்பவர்கள் கீழே நின்றே ரசிக்கலாம். ஒலிம்பிக் அருங்காட்சியகம் மைஹௌகன் திறந்தவெளி மியூசியத்துக்குள் இருக்கிறது. அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

ஸ்கேட்டிங் போட்டி நடக்கும் சமயமாகப் பார்த்துப் போனால், டிக்கெட்டோடு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக வருபவரின் நேரத்தையும் எழுதிப் பாருங்கள். அவரைத் திட்ட மனசு வராது.