மூணாவது சீட்டு ஜன்னல்

வேன் ஜன்னலைப் பத்தி எழுத அப்படி என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க, கொஞ்சம் நீளமாத்தான் போகும் :-)

எங்க வீட்டுல ஒரு டெம்போ டிராவலர் இருக்கு. அப்பாதான் ஓனர், அப்பாதான் டிரைவர். வேதாரண்யத்துலேர்ந்து வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு, ராமேஸ்வரம்னு ஓடும். கார்த்திகை பொறந்தா சபரிமலை. அப்ப வண்டியும் அப்பாவும் வீட்டுல தங்கறதே அபூர்வம். வெளிநாட்டுல வண்டிக்குள்ளயே கட்டில், அடுப்பு எல்லாம் வெச்சு ஊர் சுத்தறதைப் படத்துல பார்த்திருப்பீங்க. 2021ல கேரளா அரசு கூட 'கேரவன் கேரளா'ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் புதுசாங்க? சீட்டுக்கு அடியில புளிசாதத் தூக்கு, மேல் கம்பியில காயற ஈர வேட்டி, நடுவுல ஜமக்காளம் விரிச்சுத் தூங்கற ரெண்டு வாண்டு, ஜன்னல் ஓரமா தலையை வெளிய நீட்டி வாந்தி எடுக்கற ஒரு சித்தப்பா. மூணு நாள் அதுதான் வீடு. அந்த வீட்டுல ஏசி கிடையாது. அதனால இருக்கற உயிரெல்லாம் ஜன்னல்லதான் இருக்கு.

எங்க ஊர்க் கோயில் கதவுக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வேதங்கள் பூஜை பண்ணிட்டு அடைச்சிட்டுப் போன கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தாரு, சம்பந்தர் பாடி மூடினாரு. அப்பர் எவ்வளவு பாடியும் கதவு லேசுல அசையல, கடைசிப் பாட்டு வரைக்கும் இழுத்துச்சாம். சம்பந்தர் ஆரம்பிச்ச உடனேயே மூடிக்கிச்சாம். எங்க வண்டி ஜன்னல் ரெண்டு பேருக்கும் சமமான மரியாதை குடுக்கும். திறக்கவும் பத்துப் பாட்டு, மூடவும் பத்துப் பாட்டு. பாடறது எங்கப்பா. அந்தப் பாட்டையெல்லாம் இங்க எழுத முடியாது.

காரணம் உப்பு. 1930ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து வந்து அள்ளினாரே, அதே உப்பு. அகஸ்தியம்பள்ளி உப்பளத்தைத் தாண்டி வர்ற காத்து நேரா வண்டி மேலதான் அடிக்கும். நகர்ற கண்ணாடி ஒரு சேனல்ல ஓடும். அந்தச் சேனலுக்கு அடியில தண்ணி வெளிய போறதுக்குன்னு சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. தூசியும் உப்பும் சேர்ந்து அதை அடைச்சுட்டா மழைத் தண்ணி உள்ளயே நிக்கும். நின்ன தண்ணி தகரத்தைத் தின்னும். துரு பிடிச்ச இரும்பு, இரும்பை விட அதிக இடம் எடுத்துக்கும். அப்படி உப்பி உப்பி ரப்பர் பீடிங்கைத் தள்ளும், கண்ணாடியை நெருக்கும். ஒரு நாள் யாருமே தொடாம மூலையில ஒரு கீறல் விடும். 'கண்ணு பட்டுடுச்சு'ன்னு அம்மா எலுமிச்சம்பழம் கட்டுவாங்க. மெல்லிசா ஒரு கம்பியை எடுத்து அந்த ஓட்டையைக் குத்தி விட்டாப் போதும், எலுமிச்சம்பழச் செலவு மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2018 நவம்பர் 16. கஜா. அப்ப நான் ஒம்பதாவது. நள்ளிரவு தாண்டி எங்க பக்கம் கரையைக் கடந்துச்சு. அந்த ராத்திரியைப் பத்தி எழுதினா அது தனிக் கதை, அதனால விடுங்க. விடிஞ்சு பார்த்தா தென்னை மரம் எல்லாம் தலை இல்லாம நிக்குது, பாதி படுத்துக் கிடக்குது. பக்கத்து வீட்டு ஓடும் தகரமும் பறந்து வந்து வண்டியோட இடது பக்கத்துல அஞ்சு கண்ணாடியையும் முடிச்சு வெச்சிருந்துச்சு. சீட்டெல்லாம் கற்கண்டு கொட்டின மாதிரி இருந்துச்சு. அந்த அழகு இன்னும் ஞாபகம் இருக்கு. கையில அள்ளினேன், வெட்டவே இல்ல.

அது ஏன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. வண்டி ஜன்னல்ல இருக்கறது டஃப்பண்ட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடு பண்ணி, சட்டுனு காத்து ஊதிக் குளிர வைப்பாங்க. வெளிப்பக்கம் முதல்ல இறுகிடும், உள்பக்கம் அப்புறம் சுருங்கப் பார்த்து வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடிச்சுக்கும். இந்த இழுபறிதான் அதோட பலம். உடைஞ்சா அந்த இழுபறி மொத்தமா அவிழ்ந்து பொடிப் பொடியா கொட்டும், கத்தி மாதிரி நீளத் துண்டு வராது. முன்பக்கக் கண்ணாடி வேற ரகம். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் தாள் வெச்சு ஒட்டினது. உடைஞ்சாலும் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். டஃப்பண்ட்ல இன்னொரு விஷயம், அதை அப்புறமா வெட்ட முடியாது. அளவு, லாக்குக்கு ஓட்டை, ஓரம் தேய்க்கறது எல்லாத்தையும் சூடு பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். கடையில போய் 'கால் இஞ்ச் குறைச்சுக் குடுங்கண்ணே'ன்னு கேட்டா மொத்தமும் கற்கண்டாயிடும்.

அதனால ஆர்டர் குடுத்துக் காத்திருக்கணும். புயலுக்கு அப்புறம் காத்திருக்கற நிலைமையில யாரும் இல்ல. கரண்ட் இல்ல, போன் இல்ல. வண்டி ஓடினாத்தான் அரிசி. இன்சூரன்ஸ் இருந்துச்சு, ஆனா அது தேர்டு பார்ட்டி மட்டும். அதாவது நம்ம வண்டி அடுத்தவனை இடிச்சா அவனுக்குப் பணம் வரும், புயல் நம்ம வண்டியை இடிச்சா நமக்கு ஒண்ணும் வராது. இப்ப பி.காம்ல இன்சூரன்ஸ் பாடம் படிக்கும்போது ஒரு பட்டியலைப் பார்த்தேன். முழு பாலிசி இருந்தா, கிளெய்ம்ல ரப்பர், பிளாஸ்டிக் சாமானுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. கண்ணாடிக்குத் தேய்மானம் பூஜ்யம். முழுசா குடுப்பாங்க. கிளாஸ்ல உக்காந்து அந்த 'பூஜ்யம்'ங்கற வார்த்தையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல இருந்தவன் தூங்கறேன்னு நெனச்சு இடிச்சான்.

அப்பா என்ன பண்ணினாரு? போட்டோவுக்கு ஃபிரேம் போடற கடையில சாதாக் கண்ணாடி வெட்டி வாங்கினாரு. ஒண்ணு 350 ரூபாய். டஃப்பண்ட் 1,400 சொன்னாங்க. அஞ்சுக்கும் சேர்த்து வித்தியாசம் 5,250. அளவு எடுத்தது நான். ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி வெச்சு, கணக்கு நோட்டுப் பின் அட்டையில எழுதினேன். 'புள்ள கச்சிதமா எடுத்திருக்கான்'னு கடைக்காரர் பாராட்டினாரு. எனக்குப் பெருமை தாங்கல. அப்பா சொன்னது ஒண்ணுதான்: "தை மாசம் நல்லது போட்டுக்கலாம்."

எத்தனை தை மாசம் போச்சு! டயர், எஃப்சி, அக்கா கல்யாணம், அப்புறம் 2020ல கொரோனா, வண்டி மாசக்கணக்குல ஷெட்டுல. பார்க்கறதுக்கு எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரிதான் இருக்கும். நல்ல கண்ணாடியில ஒரு மூலையில சின்னதா முத்திரை இருக்கும், இதுல இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். யாரு குனிஞ்சு பார்க்கப் போறாங்க? நாங்களே மறந்துட்டோம். இல்ல, மறக்கல. அதைப் பத்திப் பேசறதை விட்டுட்டோம்.

2022, வேளாங்கண்ணித் திருவிழா முடிஞ்சு திரும்பி வர்றப்ப. சாயந்திரம். எதிர்ல சவுக்குக் கம்பு ஏத்தின டிராக்டர் ஒண்ணு நின்னுக்கிட்டு இருந்திருக்கு. இடம் விட்டு ஒதுங்கித் தாண்டும்போது ஓரத்துல இருந்த இன்னொரு வண்டியோட கம்பு இடது பக்கம் மூணாவது சீட்டு ஜன்னல்ல இடிச்சிடுச்சு. பெரிய இடி எல்லாம் இல்லைங்க. வண்டி ஸ்பீடே இருபது இருக்காதுன்னு அப்பா சொன்னாரு. ஆனா கண்ணாடி நீள நீளமா மூணு துண்டா இறங்குச்சு. ஜன்னல் கட்டையில கை வெச்சிருந்த ஒரு ஆத்தாவுக்கு முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் கிழிச்சிடுச்சு. பதினோரு தையல்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த ஆத்தா அப்பாகிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு: "விடுப்பா தம்பி, கம்பு வந்து இடிச்சதுக்கு நீ என்ன செய்வ." அப்பா பதில் பேசல. நானும் பேசல. கூட வந்தவங்க எல்லாரும் டிராக்டர்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், நல்ல கண்ணாடியா இருந்திருந்தா கற்கண்டு கொட்டியிருக்கும், ரெண்டு கீறலோட போயிருக்கும்னு.

ராத்திரி அப்பா கேட்டாரு, "சொல்லிடலாமாடா?" நான் வேணாம்னு சொன்னேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுத்தி வந்தேன்னு வெச்சுக்குங்க. யாரும் கேக்கல, யாருக்கும் தெரியாது, சொன்னா வாடகை போயிடும், ஊர்ல பேர் போயிடும்னு பதினெட்டு வயசுல அவ்வளவு கணக்கும் டக்கு டக்குன்னு எனக்கு வந்துச்சு. அக்கவுண்டன்சியில ஒரு விஷயம் சொல்லித் தருவாங்க: வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்ங்கற கடனை இருப்புநிலைக் குறிப்புல கூட்டிக் காட்ட வேண்டாம், அடியில குறிப்பா எழுதினாப் போதும். நாங்க நாலு வருஷமா அடியில கூட எழுதல.

அப்பா நான் சொன்னதைக் கேக்கல. மறுநாள் காலையில அவங்க வீட்டுக்குப் போனாரு. நான் வாசல்லயே நின்னேன். "ஆத்தா, அது வண்டிக்குப் போடற கண்ணாடி இல்ல. காசு இல்லாம போட்டுட்டேன்"னு சொன்னாரு. அந்த ஆத்தா ஒண்ணும் சொல்லல. மகன் வாய்க்கு வந்தபடி பேசினாரு, பேச வேண்டியதுதான். செலவு முழுக்க அப்பா குடுத்தாரு. அதுக்கப்புறம் அந்தத் தெருவுலேர்ந்து ஒரு வருஷத்துக்கு யாரும் வண்டி கூப்பிடல. நான் போட்ட கணக்கு தப்பில்ல பாருங்க, சரியாத்தான் போட்டிருக்கேன்.

அந்த மாசமே கடன் வாங்கி அஞ்சு கண்ணாடியும் தஞ்சாவூர்ல ஆர்டர் குடுத்தோம். இந்தத் தடவை ஸ்கேல் இல்ல. பழைய சட்டத்து மேல பிளைவுட் வெச்சு அச்சு எடுத்தோம். பத்து நாள்ல வந்துச்சு. மாட்டின அன்னிக்கு மெக்கானிக் அண்ணன் துருவையெல்லாம் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு அடிச்சு, காய விட்டு அப்புறம்தான் கை வெச்சாரு. நான் வாங்கிட்டுப் போன சிலிக்கானை மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்தாரு. வினிகர் வாசனை வர்ற ரகம், அது காயும்போது வர்ற அமிலம் தகரத்தைத் தின்னுமாம். வாசனை வராத ரகமும் இருக்கு, விலை கொஞ்சம் ஜாஸ்தி, கேட்டு வாங்குங்க.

நகராத கண்ணாடி மாட்டறதைப் பார்த்திருக்கீங்களா? எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். கண்ணாடியைச் சுத்தி ரப்பர் பீடிங் போட்டு, பீடிங்கோட உள்பக்க உதட்டுல ஒரு நைலான் கயிறைச் சுத்தி வெப்பாங்க. சோப்புத் தண்ணி தடவி, ஒருத்தர் வெளியிலேர்ந்து உள்ளங்கையால அமுக்கணும், ஒருத்தர் உள்ளேர்ந்து கயிறை மெதுவா இழுக்கணும். இழுக்க இழுக்க ரப்பர் உதடு தகரத்து மேல ஏறி உக்காரும். வெளிய அண்ணன், உள்ள நான். "இழு, இழு... அவசரப்படாத, உதடு கிழிஞ்சிடும்" என்றார். மூணாவது சீட்டுக்கு வர்றப்ப அப்பா கயிறை என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாரு. நகர்ற கண்ணாடிச் சேனலுக்கு கிரீஸ் தடவாதீங்க, எண்ணெய் பட்டா ரப்பர் உப்பிடும், மண்ணும் ஒட்டிக்கும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும். இப்ப ஒத்தை விரல்ல திறக்குது.

அந்த ஆத்தா போன மாசம்தான் மறுபடி எங்க வண்டியில வந்தாங்க, திருநள்ளாறுக்கு. அதே மூணாவது சீட்டு. ஆனா நடை பக்கம் உக்காந்தாங்க. ஜன்னல் பக்கம் அவங்க மஞ்சப்பை மட்டும் இருந்துச்சு, போய்ட்டு வர்ற வரைக்கும்.