மேற்படி

நம் வீட்டு மரப்பெட்டியில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று உள்ளது. கீழ்பென்னாத்தூரை ஒட்டிய நம் நிலங்களைத் தந்தையாரும் சிற்றப்பாவும் பிரித்துக்கொண்ட பத்திரம். எழுத்தர் பெயரையும் எல்லையையும் ஒருமுறை விரித்தெழுதிவிட்டு, பின்னர் வேண்டிய இடமெல்லாம் ௸ என்று குறியிட்டுச் சென்றிருக்கிறார். நாளுக்கு ௳, ஆண்டுக்கு ௵ என்பதைப் போல, மேற்படி என்பதற்கு ௸. விரித்துக்கொள்வது வாசிப்பவர் பாடு.

கணினித் துறையில் பணியாற்றும் நம் பழைய மாணவர் அண்மையில் வந்திருந்தபோது அதைப் பார்த்து, "ஐயா, எங்கள் தொழிலில் இதற்கு மேக்ரோ என்று பெயர்" என்றார். நீண்ட தொடருக்கு ஒரு சிறுபெயர். மூலநிரல் தொகுப்பியின் கைக்குப் போகுமுன், முன்செயலி என்னும் ஏவலாள் அப்பெயரை எடுத்துவிட்டு முழுத்தொடரை வைத்துவிடுகிறான். டென்னிஸ் ரிட்சியின் 'சி' மொழிக்கு இவ்வசதி 1972-73 வாக்கில் வந்தது. 1995இல் வெளியான ஜாவாவில் இதை வேண்டுமென்றே விட்டுவிட்டனர். விடாதவர்கள் மேவன், கிரேடில் போன்ற கட்டமைப்புக் கருவிகளில் ஒரு செருகுநிரலைப் பொருத்தி, தொகுப்புக்கு முன்பே அவ்வேலையை முடித்துக்கொள்கிறார்களாம்.

ஏன் விட்டார்கள் என்று கேட்டோம். அவர் தாளில் எழுதிக் காட்டினார். வர்க்கம்(அ) என்றால் அ*அ என்று வகுத்துக்கொள்வோம். வர்க்கம்(5) என்றால் 25 வரும். வர்க்கம்(2+3) என்றாலோ, முன்செயலி 2+3*2+3 என்று எழுதி வைக்கும். பெருக்கல் முந்திக்கொள்ள, விடை 11. எழுத்தைப் பெயர்த்து வைக்கத் தெரிந்தவனுக்குப் பொருள் தெரியாது. "அடைப்புக்குறி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், ஐயா."

நாம் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினோம். அங்கே மேட்டுக்கொல்லைக் கிணறு, ஓடையோரக் கிணறு என இரண்டையும் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் "௸ கிணற்று நீரில் சரிபாதி" என்றிருந்தது. எந்தக் கிணறு? தந்தையார் ஒன்றை விரித்துக்கொண்டார், சிற்றப்பா மற்றொன்றை. இருவரும் நேர்மையானவர்களே. ஆயினும் கடைசிவரை முகங்கொடுத்துப் பேசிக்கொள்ளாமலே மறைந்தனர். தீயவர் என்று ஒருவரைத் தேடியே நாம் இத்தனை காலம் கழித்துவிட்டோம்.

மாணவர் விடைபெற்றபின் சிற்றப்பா மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். தை பிறந்ததும் புதிதாக ஒரு பத்திரம் எழுதுவதென்று பேசியிருக்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் புல எண்ணும் கிணற்றின் பெயரும் முழுமையாக வரும். தாள் கூடினால் கூடட்டும்.