எக்ஸெல் ஷீட்டில் விட்டுப்போன வரி

மூணு மாசமா என் லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் ஷீட் திறந்தே கிடக்கிறது. பெயர் 'ஜெர்மனி'. ஃபைனல் இயர்ல பாதிப் பேர்கிட்ட இப்படி ஒண்ணு இருக்கும். ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், ஐஇஎல்டிஎஸ் கட்டணம், விசா, ஃபிளைட் டிக்கெட் என்று வரிசையாகப் போகும்.

அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை என்று சீனியர் அக்கா சொன்னதும் குதித்தேன். பிறகுதான் பிளாக்டு அக்கவுண்ட் பற்றித் தெரிந்தது. ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுக் காட்டணும். மாசம் 992 யூரோதான் எடுக்க முடியும். நம்ம காசுக்குச் சுமார் 12 லட்சம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் அடமானம் கேட்பார்கள். எங்களுக்கு அடமானம் வைக்க நிலம் கிடையாது.

எங்க ஊர் சிலமலை, போடிக்குப் பக்கம். விடியறதுக்கு முன்னாடியே தெருமுனையில் ஜீப் ஹாரன் கேட்கும். அப்பாவும் அம்மாவும் அதில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் இருப்பது அடியில், மண்ணை ஒட்டி ஓடும் சரத்தில். நாள் முழுக்கக் குனிந்து, விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்கணும். சாயந்திரம் அம்மா வந்து இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாங்க.

நிலம் இல்லாததே ஒரு தகுதி என்று எனக்குத் தெரியாது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவருக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். விதிமுறையைப் படித்துப் பார்த்தால், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களும் அதில் உண்டு. வருமானம் 8 லட்சத்துக்குள், 60 சதவீத மார்க், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம். இவ்வளவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மொத்தம் 125 இடம். அதில் எங்களுக்கும் பாரம்பரியக் கைவினைஞர்களுக்கும் சேர்த்து நாலு. இந்தியா முழுக்க நாலு!

பொங்கல் லீவில் இதைச் சொன்னபோது சித்தி ஒண்ணும் பேசலை. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை அவங்களுக்கு. மறுநாள் சீட்டைத் தள்ளி எடுத்து, ஏபிஎஸ்-க்கான 18,000-ஐ என் கையில் வெச்சாங்க. "நாலுல ஒண்ணு நீயா இருக்கக் கூடாதா?"

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரலை. கேம்பஸில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் சேரணும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் தம்பியின் காலேஜ், வீட்டுக் கடன், அம்மா மலைக்குப் போறதை நிறுத்துவது எல்லாம் பேசி வைத்திருந்தோம். நான் ஜெர்மனி போனால் இரண்டு வருஷம் அந்தச் சம்பளம் வராது. உதவித்தொகை கிடைத்தாலும் அது என் செலவுக்குத்தான். வீட்டுக்கு வராமல் போகும் பணத்துக்கு என் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லை.

டிசம்பர் 22 கணித தினத்துக்கு நான் செய்த ராமானுஜன் போஸ்டர் அப்போது ஞாபகம் வந்தது. 1914-ல் அவர் கப்பலேறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் தந்தது வருஷத்துக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு இங்கே இருந்த குடும்பத்துக்கு. போஸ்டரில் அதை ஒரு தகவலாகத்தான் எழுதினேன். அவர் எங்கே, நான் எங்கே! ஆனால் அந்த 50 பவுண்டு எதுக்கு என்று அந்த ராத்திரிதான் புரிந்தது.

காலையில் ஜீப் வருவதற்குள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்குவாளியில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாங்க.

"ஜீப்பு நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்தே வருதுத்தா. இன்னும் ரெண்டு வருசம் வரட்டும். ஆனா இடுப்பு வலிக்கலைனு நான் பொய் சொல்ல மாட்டேன். நீயும் அத மறந்துட்டுப் போயிராத."

இப்போது ஷீட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது: 'வீட்டுக்கு, 24 மாசம்'. அங்கே படிக்கிற மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். எவ்வளவு அனுப்ப முடியும் என்று தெரியாததால் தொகையை இன்னும் போடவில்லை.

நீங்களும் இப்படி ஒரு ஷீட் வைத்திருந்தால், அந்த வரி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்க.