மறைக்கப்படாத நோய்

தாராபுரம், 2025 அக்டோபர் 5, ஞாயிறு

முதுமையில் நேரக்கூடிய வைத்தியச் செலவைப் பற்றிப் பிரஸ்தாபிப்பதையே அபசகுனமாகக் கருதி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். தனிநபர் ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பிரீமியத்தின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. சென்ற செப்டம்பர் 22 முதல் அறவே நீக்கப்பட்ட செய்தியைப் பத்திரிகையில் படித்த அப்பா, "நாப்பதாயிரம் கட்டறவங்களுக்கு ஏழாயிரத்து எறநூறு மிச்சமாகுது அம்மிணி" என்று தாமாகவே கணக்குச் சொன்னதால், எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்க நல்ல சந்தர்ப்பம் வாய்த்தது.

அப்பாவுக்கு வயது 67, அம்மாவுக்கு 63. இளமையில் திருப்பூருக்குப் பஸ் ஏறி, பஞ்சுத் தூசுக்கும் மெஷின் இரைச்சலுக்கும் நடுவே இரவு ஷிப்டும் பகல் ஷிப்டுமாக நிட்டிங் வேலை பார்த்து, 58 வயதில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர் அப்பா. உலகமெங்கும் உடுத்தப்படும் பனியன்களைப் பின்னித் தந்த அவருடைய தலைமுறை, இன்று இவ்வட்டாரத்துச் சிற்றூர்களிலெல்லாம் இரத்த அழுத்தத்தோடும் முழங்கால் வலியோடும் வாசல் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறது. அந்தத் தலைமுறையின் தேக சம்ரக்ஷணைக்கு வழி என்ன என்பதே என் விசாரணை. என் பெற்றோரை முன்னிட்டு அதைத் தொடங்குகிறேன்.

அக்டோபர் 8, புதன்

புதிதாக ஒன்றை விலைக்கு வாங்குவதற்கு முன், உழைத்துச் சம்பாதித்த உரிமை ஏதேனும் கேட்பாரற்றுக் கிடக்கிறதா என்று பார்ப்பதே முறை. அப்பாவின் பழைய காகிதங்களை இன்று பிரித்தபோது, சம்பளச் சீட்டுகளோடு அவருடைய இ.எஸ்.ஐ. அட்டையும் கிடைத்தது.

1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-இல் கோயமுத்தூர் ஆலைத் தொழிலாளரை எட்டிய திட்டம் இது. வேலையில் இருக்கும்வரை மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டதை நினைவில் வைத்திருப்போர், ஓய்வுக்குப் பிறகும் அது துணை நிற்கும் என்பதைப் பெரும்பாலும் அறியார். இன்ஷூரன்ஸுக்கு உட்பட்ட வேலையில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருந்து, ஓய்வு வயதை எட்டி விலகிய தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாயை முன்கூட்டிச் செலுத்தினால், தமக்கும் தம் வாழ்க்கைத் துணைக்கும் இ.எஸ்.ஐ.யிலேயே வைத்தியம் பெறலாம். மாதம் பத்தே ரூபாய்! கம்பெனியிடமிருந்து ஓய்வுச் சான்று வாங்கி, கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதைக் கேட்ட அப்பா வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்ப நாங்க கட்டுனது வீண் போகலையாட்ட இருக்குது" என்றார். அவ்வார்த்தையில் இருந்த கௌரவம் எந்தப் பாலிசியாலும் தரக்கூடியதன்று.

அக்டோபர் 11, புரட்டாசிச் சனி

காடு அனுமந்தராயர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில், எதிர்வீட்டு ஆத்தா எங்கள் முயற்சியைப் பற்றி விசாரித்தார். அவரும் பனியன் தொழிலில் உழைத்தவரே. ஆனால் வீட்டிலிருந்தபடி பீஸ் கணக்கில் பிசிர் வெட்டியவர் ஆதலால், எந்த அட்டையும், எந்தப் பிடித்தமும், எந்தப் பென்ஷனும் அவருக்கு இல்லை.

அத்தகையோருக்கு உகந்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடு, 2012 ஜனவரி 11 முதல் இப்பெயரோடு நடந்துவருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம், கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்றையும் ரேஷன் கார்டையும் கொண்டு பதிந்துகொண்டால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையில், அங்கீகரிக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பணம் கட்டாமல் குறிப்பிட்ட சிகிச்சைகளைப் பெறலாம். ஆத்தாவின் காகிதங்களைத் திங்களன்று பார்ப்பதாக ஒப்புக்கொண்டேன். எங்கள் குடும்பத்திலோ, அப்பாவின் பி.எஃப். பென்ஷனோடு தென்னந்தோப்புக் குத்தகையும் சேர்ந்து அவ்வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 70 வயது நிறைந்தோருக்கு, வருமானம் எதுவாயினும், 5 லட்சம் ரூபாய்க் காப்பு வழங்கும் ஆயுஷ்மான் பாரத் விஸ்தரிப்பை மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் அங்கீகரிக்க, அடுத்த மாதமே அது தொடங்கப்பட்டது. அப்பாவுக்கு அவ்வயது வர இன்னும் மூன்று ஆண்டுகள், அம்மாவுக்கு ஏழு. இடைப்பட்ட காலத்துக்கு வேறு துணை வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரவு உணவுக்குப் பின் மூவரும் உட்கார்ந்து பாலிசி நிபந்தனைகளை வாய்விட்டு வாசித்தோம். 65 வயதுக்கு மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க மறுக்க இடம் தந்த பழைய ஏற்பாடு, 2024 ஏப்ரலில் வந்த ஒழுங்குமுறைகளால் மாறிவிட்டது என்பது அப்பாவுக்கு முதல் ஆறுதல். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாயின் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தை முன்னரே கலந்தாலோசிக்க வேண்டும் என்ற இவ்வருஷத்து ஜனவரி உத்தரவு இரண்டாவது ஆறுதல்.

ஆயினும் தொகையின் பெருமையைக் காட்டிலும் நிபந்தனைகளின் தன்மையே முக்கியம். எல்லாக் கம்பெனிகளும் ஒரே அமைப்பில் விற்க வேண்டுமென்று 2020-இல் வகுக்கப்பட்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியையே அளவுகோலாகக் கொண்டேன். அதில் அறை வாடகை காப்புத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். எட்டாயிரம் ரூபாய் அறையில் படுத்தால், மிகுதி மூவாயிரத்தோடு விஷயம் முடிவதில்லை. மருந்தும் பரிசோதனையும் நீங்கலாக, டாக்டர் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் நாமே ஏற்க வேண்டும். இரண்டு லட்ச ரூபாய் பில்லுக்குப் பதினாயிரம். கண்புரைக்கு, ஒரு கண்ணுக்குக் காப்புத் தொகையில் கால் பங்கு அல்லது 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இவற்றை முன்னரே அறிந்தவர் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் திகைக்க மாட்டார். அம்மா இடைமறித்து, "ஏசி ரூமெல்லாம் எனக்கு ஒத்துக்காது கண்ணு, சாதா ரூமே போதும்" என்றார். அது ஒரு முக்கியமான தீர்மானம் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

விடிந்தால் தீபாவளி. விண்ணப்பத்தில் தற்போதுள்ள நோய்களைக் குறிப்பிடும் பக்கத்தை இன்று நிரப்ப அமர்ந்தோம். அப்பாவின் இரத்த அழுத்தம் யாவரும் அறிந்தது. அம்மாவோ, "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கறேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருவதை வெளியிட்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியப் பெண்மணி, நான் வேலைக்குப் போயிருக்கும் பகற்பொழுதில் வாசலுக்கே வந்து மாத்திரை கொடுத்துப் போகிறார். அரசாங்கத்தின் பதிவேட்டுக்குத் தெரிந்தது, பெற்ற மகளுக்குச் சொல்லப்படவில்லை. மகளுக்கு ஒரு கவலை குறையட்டுமே என்ற கருணையே அதற்குக் காரணம்.

விவரம் கேட்க வந்த ஏஜென்ட், "சுகர்னு எழுத வேண்டாமுங்க, பிரீமியம் ஏறிப்போயிரும்" என்று யோசனை கூறினார். அந்த யோசனையை ஏற்பது எத்தனை பெரிய ஆபத்து! சொல்லப்பட்ட நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள். அதன் பிறகு அந்நோயும் காப்புக்குள் வந்துவிடும். மறைக்கப்பட்ட நோயோ, முதல் 60 மாதங்களுக்குள் வெளிப்பட்டால், கிளெய்மையும் பாலிசியையும் ஒருங்கே இழக்கச் செய்யும்; அக்காலம் கடந்த பின்னும் மோசடி நிரூபிக்கப்பட்டால் பாதுகாப்பு இல்லை. உண்மைக்கு நாம் செலுத்தும் விலை கொஞ்சம் பணமும் மூன்று ஆண்டுப் பொறுமையும்; பொய்க்குச் செலுத்தும் விலை, மிகத் தேவையான வேளையில் கைவிடப்படுதல். இதை விளக்கியபோது, "அப்படின்னா எழுது. இருக்கறத இருக்குதுன்னு சொல்றதுக்கென்ன?" என்றார் அம்மா. பிரஷர், சுகர், மாத்திரைகளின் பெயர்கள், ஆரம்பித்த ஆண்டு எல்லாம் எழுதி, இருவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

முடிவுகளை அப்பாவே தம் கைப்பட எழுதினார். இ.எஸ்.ஐ. உரிமையைப் புதுப்பித்து, வழக்கமான வைத்தியத்துக்கு அதையே நம்புவது. இருவருக்கும் ஒரே கூட்டுப் பாலிசி எடுத்தால் மூத்தவர் வயதை ஒட்டிப் பிரீமியம் கூடுவதோடு, ஒருவரின் நோயே மொத்தத் தொகையையும் விழுங்கிவிடலாம் ஆதலால், தனித்தனியே ஐந்து லட்ச ரூபாய்ப் பாலிசி எடுப்பது. காத்திருப்புக் காலத்துக்கென்று மாதந்தோறும் பாங்கியில் ஒரு தொகை சேர்ப்பது. பத்திரம் கைக்கு வந்ததும், திருப்பித் தர உரிமையுள்ள 30 நாட்களுக்குள் முழுவதையும் மறுபடி வாசிப்பது. கிளெய்ம் அநியாயமாக மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கும், பின்னர் கட்டணமின்றி விசாரிக்கும் சென்னை இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கும் எழுதுவது.

பெற்றோருக்குப் பிள்ளைகள் பாலிசி வாங்கித் தருவது நற்செயலே. ஆயினும் அவர்களுக்காக நாமே யாவற்றையும் தீர்மானித்துவிடுவது அன்பாகாது. தம் உடம்பின் ஸ்திதியைக் கூச்சமின்றிச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் தருவதும், கேட்ட பிறகு முகம் சுளிக்காமல் பக்கத்தில் அமர்ந்து நிபந்தனைகளை வாசித்துக் காட்டுவதும், முடிவை அவர்களிடமே விடுவதும் நம் கடமை. வீட்டுக்குள் உண்மை பேசப்படாத வரையில், எத்தனை லட்ச ரூபாய்ப் பத்திரமும் வெறும் காகிதமே.

ஓய்வு பெறும் தொழிலாளிக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பும் திருப்பூர் முதலாளிகள், ஆண்டுக்கு 120 ரூபாயில் கிடைக்கும் அந்த உரிமையை ஒரு தாளில் அச்சிட்டு, ஓய்வுச் சான்றோடு சேர்த்து அதே கையில் கொடுப்பார்களானால், அதைவிடச் சிறந்த மரியாதை வேறில்லை. அவர்கள் கொடுக்கும்வரை காத்திராமல், தம்மோடு அந்நாளில் ஷிப்டு பார்த்த சகாக்களுக்கெல்லாம் இதைச் சொல்லிவிட வேண்டுமென்று, நாளைக் காலை பஸ்ஸுக்குத் திருப்பூர் புறப்படுகிறார் அப்பா.